முழங்காலில் ஒரு தட்டு

மார்ச் 3

அன்புள்ள பொடிசுக்கு,

அக்கா எழுதுகிறேன். அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவளைப் பொடிசு என்று கூப்பிடலாமா என்று முறைக்காதே. உனக்கு எண்பது ஆனாலும் எனக்கு நீ பொடிசுதான்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று போன தடவை அலுத்துக்கொண்டாய். போனில் பேசினால் உன் அத்தான் "ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார். பிறகு அவரைப் பற்றி நான் யாரிடம் புலம்புவது? கடிதம் என்றால் அவர் காலை நடைக்குப் போயிருக்கும்போது எழுதி, திரும்பி வருவதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிடலாம்.

முதலில் நல்ல செய்தி. உன் அத்தானுக்கு லைசென்ஸ் புதுப்பித்தாகிவிட்டது. எழுபத்தைந்து தாண்டினால் கண் பரிசோதனை கட்டாயமாம். அங்கே இருந்த பெண் சுவரில் மாட்டிய அட்டையைக் காட்டி, "முடிஞ்ச வரைக்கும் படிங்க தாத்தா" என்றிருக்கிறாள். தாத்தா என்றதும் இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிட்டு, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்துக் காட்டினாராம். "பார்வை முழுமை" என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வந்ததிலிருந்து கால் தரையில் பாவவில்லை. பால்காரரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது.

இனி புலம்பல். குளியலறைக்குப் புது டைல்ஸ் போடுகிறோம் என்று சொன்னேன் இல்லையா? டைல்ஸ்காரர் போட்டு முடித்துவிட்டார். சுவரைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. வரிசை நடுவில் நெளிந்துகொண்டு போகிறது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினால், "நேராத்தானேம்மா இருக்கு?" என்று என்னையே கேட்கிறார். உன் அத்தானும் அவர் பக்கம். இரண்டு ஆண்பிள்ளைகளும் சேர்ந்து என்னை மடச்சி ஆக்கப் பார்க்கிறார்கள். நான் விடுவதாக இல்லை.

வண்டியின் இடது பக்கக் கதவில் இன்னொரு நெளிசல். கேட் தூண் தானாக நகர்ந்து வந்து இடித்துவிட்டதாக உன் அத்தானின் கட்சி. நான் கூட இருந்திருந்தால் இது நடந்திருக்காது. பக்கத்தை எல்லாம் நான்தானே பார்த்துக்கொள்கிறேன்.

எப்போது வருகிறாய்? நீ வந்து போய் ஒரு யுகம் ஆகிறது.

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பொடிசின் வணக்கம். உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். அச்சகத்தின் பெயர் வரும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, தூணும் கதவும் வரும் இடத்தில் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டேன்.

அக்கா, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அத்தானுக்கு நெளிசல் எல்லாம் ஏன் ஓரத்திலேயே விழுகிறது? முன்பக்கம் இடித்ததாக நீ எழுதியதே இல்லை. போன வருடம் நான் வந்திருந்தபோது மேசை ஓரத்தில் இருந்த தண்ணீர் சொம்பை இரண்டு தடவை தட்டிவிட்டார். "உன் அத்தானுக்கு எப்பவும் அவசரம்" என்று நீ துடைத்துவிட்டாய். எனக்கு அன்றே ஏதோ உறுத்தியது. விருந்தாளியாக வந்த இடத்தில் என் கண் ஆஸ்பத்திரி வேலையைப் பேச வேண்டாம் என்று சும்மா இருந்துவிட்டேன்.

சுவரில் மாட்டும் எழுத்து அட்டை நேர் எதிரே இருப்பதை மட்டும்தான் சோதிக்கும். சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். வலி இருக்காது, இருட்டும் தெரியாது. போனது போனதாகவே தெரியாது. நடுப்பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும். அப்படிப்பட்டவர்கள் அட்டையில் அச்சகத்தின் பெயரையும் படிப்பார்கள்.

இதற்காகவே ஒரு மெஷின் இருக்கிறது. நாள் முழுக்க அதன் பக்கத்தில்தான் என் பிழைப்பு. வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருக்கும். முகவாயை வைத்து நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் சின்னச் சின்ன வெளிச்சம் மினுக்கும். தெரியும்போதெல்லாம் பித்தானை அழுத்த வேண்டும். தெரியாதவர்கள் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். "ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்பார்கள். அதற்குள் பாதிச் சோதனை முடிந்திருக்கும்.

அத்தானை ஒரு நடை இங்கே கூட்டி வா. அப்புறம், "பக்கத்தை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் என்ன அர்த்தம்? எப்படிப் பார்த்துக்கொள்கிறாய்? உடனே எழுது.

அன்புடன்,
பொடிசு


மார்ச் 16

பொடிசு,

உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துப் போகிறாய். ஊரில் இருக்கும் எல்லோரையும் அந்தக் கிண்ணத்துக்குள் தலையை விட வைக்காவிட்டால் உனக்குத் தூக்கம் வராதா?

அரசாங்கமே அவர் கண் முழுமை என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. நீ குறுக்கே வந்து விழுகிறாய். அவருக்கு அந்த வண்டிதான் எல்லாம். பிள்ளை இல்லாத வீட்டில் காய்கறிக்கும் மருந்துக்கும் யார் ஓடுவார்கள்? பஸ் நிறுத்தம் மேட்டுக்கு மேலே. என் இடுப்பை வைத்துக்கொண்டு நான் ஏற முடியுமா?

எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டாய். ரகசியம் ஒன்றுமில்லை. வண்டியில் என் கை அவருடைய இடது முழங்காலில் இருக்கும். கியர் இல்லாத வண்டி, அந்தக் காலுக்கு வேலையே கிடையாது. இடது பக்கம் யாராவது வந்தால் ஒரு தட்டு. வலது பக்கம் என்றால் இரண்டு தட்டு. நிறுத்த வேண்டுமென்றால் ஒரு கிள்ளு. வாயால் சொன்னால் "நீயே ஓட்டேன்" என்று முறுக்கிக்கொள்வார். தட்டினால் எதுவும் சொல்வதில்லை. நானும் இதைப் பற்றி அவரிடம் பேசியதில்லை, அவரும் கேட்டதில்லை. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் இந்த வயதிலும் என்ன கொஞ்சல் என்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

நேற்றுக்கூடச் சந்தைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். அழுத்திக் கிள்ளினேன். நின்றுவிட்டது. அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் நீ சோற்றைப் பாதியில் வைத்தாயாக்கும்.

டைல்ஸ்காரர் மறுபடி வந்தார். ஒரு வரிசையைப் பெயர்த்துப் புதிதாக ஒட்டினார். அதுவும் நெளிகிறது. கோபத்தை அடக்கிக்கொண்டு, கோணல் பார்க்கும் ரசமட்டத்தை வைத்துக் காட்டினார். குமிழி நட்ட நடுவில் நிற்கிறது என்றார், உன் அத்தானும் ஆமாம் போட்டார். "உங்க ரசமட்டமே கோளாறு" என்று சொல்லிவிட்டேன். மனிதர், "வேற ரசமட்டம் கொண்டாறேம்மா" என்று போனார். நல்ல வேலைக்காரர் என்று சொல்லித்தான் அமர்த்தினோம். வாசல் கதவின் நிலையும்கூட இப்போது சாய்ந்த மாதிரி இருக்கிறது. வீடே இறங்குகிறதோ என்னவோ.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு எல்லாம் வந்து சேர்ந்தது. அதற்கெல்லாம் பிறகு பதில் சொல்கிறேன். முதலில் நான் சொல்வதைச் செய்.

இந்த உறைக்குள் கட்டம் போட்ட தாள் ஒன்று வைத்திருக்கிறேன். நடுவில் கறுப்புப் புள்ளி இருக்கும். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மற்றக் கண்ணால் புள்ளியை மட்டும் பார். கோடுகளைப் பார்க்காதே, புள்ளியைப் பார். பிறகு கண்ணை மாற்று. கோடுகள் எப்படித் தெரிகின்றன என்று எனக்கு உள்ளபடி எழுது. பூசி மெழுகாதே.

அதுவரை டைல்ஸ்காரரை ஒன்றும் சொல்லாதே. வாசல் நிலையையும் விட்டுவிடு.

இரண்டு நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. மெஷினில் ஒரு பெரியவர் பித்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தால் அவருடைய முழங்காலைப் பார்க்கிறேன்.

பொடிசு


மார்ச் 28

பொடிசு,

பார்த்தேன்.

இடது கண்ணில் கோடுகள் கொஞ்சம் அலைகின்றன. வலது கண்ணில் புள்ளியே இல்லை. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அழிரப்பரால் தேய்த்த மாதிரி சாம்பலாக இருக்கிறது. அதைச் சுற்றிக் கட்டங்கள் குளியலறைச் சுவர் மாதிரியே நெளிகின்றன.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நீ அனுப்பிய தாள்தான் மட்டமானது என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அப்போதுதான் ரசமட்டம் நினைவுக்கு வந்தது. அந்த மனிதரை என்ன பேச்சுப் பேசிவிட்டேன். வெட்கத்தில் கொஞ்ச நேரம் குளியலறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், அடியோடு தெரியாமல் இல்லை. சில மாதமாகவே உன் அத்தானை நேருக்கு நேர் பார்த்தால் காது தெரிகிறது, முடி தெரிகிறது, மூக்கும் வாயும் தெரிவதில்லை. கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். ஆனால் ஓரமெல்லாம் சுத்தமாகத் தெரிகிறது. கதவோரம் பல்லி ஓடினால் தெரியும். அதனால்தான் தட்டுவதில் இதுவரை நான் தப்பே பண்ணியதில்லை.

சிரிக்காதே, இப்படியும் யோசித்தேன். நீ சொல்வது நிஜமென்றால் அவருக்கு நடு, எனக்கு ஓரம். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு ஆளின் பார்வை ஆகிறது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இவ்வளவு பொருந்தியது இதில்தான்.

இதற்கு மருந்து உண்டா? அவரிடம் இன்னும் சொல்லவில்லை. போனில் கேட்டுவிடாதே.

உன் அக்கா


ஏப்ரல் 2

என் அக்கா,

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. பிறகு கோபம் வந்தது. இந்தக் கடிதத்தில் இரண்டும் கலந்துதான் இருக்கும், பொறுத்துக்கொள்.

மருந்து உண்டு. கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். கேட்க பயங்கரமாக இருக்கும், எறும்பு கடித்த மாதிரிதான். சீக்கிரம் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். போனது பெரும்பாலும் திரும்பாது. அதனால் நான் வரும் வரை காத்திருக்காதே. இங்கே ஆள் பற்றாக்குறை, விடுப்புக் கேட்டால் வள்ளென்று விழுகிறார்கள். உங்கள் டவுனிலேயே கண் மருத்துவமனை இருக்கிறது. இந்த வாரமே போய்க் காட்டு. எப்படியாவது போ.

இனி அத்தான் விஷயம். அக்கா, ரோட்டில் போகிறவனுக்கு உங்கள் தாம்பத்திய ஏற்பாடு தெரியாது. வண்டியை ஓட்டுகிறவர் பார்க்கிறார் என்று நம்பித்தான் ஒவ்வொருவனும் காலை எடுத்து வைக்கிறான். நீ தும்மினால் என்ன ஆகும்? கண் அசந்தால்? கைப்பையில் சில்லறை தேடினால்? குழந்தையோடு இறங்கிய பெண்ணைப் பற்றி நீ இரண்டு வரியில் எழுதிவிட்டாய். நான் அந்த இரண்டு வரியை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது.

அவரை என்னிடம் கூட்டி வரச் சொன்னேன். வந்தால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கக் கூடாது. ஓட்டத் தகுதியில்லை என்று மெஷின் காட்டினால், லைசென்ஸ் ஆபீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பரிசோதித்தவர் என்று அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது நான். அத்தான் என்பதற்காக என் கை நிற்காது. நிற்கவும் கூடாது. இதைத் தெரிந்துகொண்டே நீ கூட்டி வர வேண்டும். உன்னிடம் இப்படிக் கேட்பது எனக்குச் சுகமாக இல்லை.

முடிந்தால் இன்றைக்கே அவரிடம் பேசு. சாவியை எடுத்து வைத்துவிட்டுப் பேசு.

உன் பொடிசு


ஏப்ரல் 10

பொடிசு,

இடித்துவிட்டோம்.

உயிருக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுத்து கோணியிருந்தால் விட்டுவிடு.

நீ சொன்னபடி டவுன் மருத்துவமனைக்குப் போனேன். கண்ணாடி மாற்றப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். சாவியைப் பற்றிப் பேசவில்லை. போய்விட்டு வந்து பேசலாம், வண்டி இல்லாமல் எப்படிப் போவது என்று நினைத்தேன். அங்கே இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டார்கள். நர்ஸ் பெண் நல்ல மாதிரி. "சாயந்திரம் வரைக்கும் கண்ணு கூசும்மா, எதுவும் சரியாத் தெரியாது. வீட்டுக்கு யாரு ஓட்டுவாங்க?" என்று கேட்டாள். "இவர்தான்" என்றேன். "அப்பச் சரி" என்றாள். கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டு அனுப்பினாள்.

வெளியே வந்தால் வெயிலில் உலகமே சுண்ணாம்பாக இருந்தது. வண்டியில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறக்க முடியவில்லை, மூடிக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. என்ன சொல்வது? இன்றைக்கு என்னால் தட்ட முடியாது என்று சொன்னால், இத்தனை நாள் எதற்காகத் தட்டினேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமே. கை மட்டும் வழக்கம் போல அவர் முழங்காலில் இருந்தது. மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க என்று உள்ளுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன்.

நம் தெருவுக்குள் இடது பக்கம் திரும்பும்போது சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். ஸ்கூட்டர் ஒன்று கிடந்தது, பக்கத்தில் டைல்ஸ் பெட்டி உடைந்து சில்லுச் சில்லாகச் சிதறிக் கிடந்தது.

டைல்ஸ்காரர். சொன்ன சொல் தவறாமல் வேறு ரசமட்டம் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறார். வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். எப்படிச் சொல்வது என்று கூசித் தள்ளிப் போட்டேன். அவருக்கு வலது கை மணிக்கட்டிலும் முழங்கையிலும் உடைந்துவிட்டது.

உன் அத்தான் இறங்கி நின்று, "எங்கேர்ந்து வந்தான்னே தெரியல, எங்கேர்ந்து வந்தான்னே தெரியல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தெருவே கூடிவிட்டது. போலீஸ்காரர் வந்து உரிமத்தைப் பார்த்தார், பார்வை முழுமை என்ற தாளையும் பார்த்தார். "ஸ்கூட்டர்காரங்க இப்படித்தான் புகுந்து வர்றாங்க, பெரியவர் மேல என்ன தப்பு" என்றார். என்னிடம், "நீங்க பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். "இல்ல, பாக்கல" என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனால் அதை அவர் வேறு மாதிரி எழுதிக்கொண்டார்.

தூக்கிக்கொண்டு போகும்போது டைல்ஸ்காரர் சொன்னது காதில் விழுந்தது. "அம்மா என்னையேதான் பாத்துட்டு இருந்தாங்க. பாத்துட்டாங்க, நிப்பாட்டுவாங்கன்னுதான் வந்தேன்." கறுப்புக் கண்ணாடிக்குள் கண் மூடியிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

இங்கே எல்லோரும் எங்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

"கூட வந்தவங்க ஓட்டட்டும்." சொட்டு மருந்து விட்ட ஒவ்வொருவரிடமும் இதை நான் தினமும் சொல்கிறேன். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எல்லாம் தெரிந்த நான், உன் முழங்கால் தட்டும் தெரிந்த நான், உனக்குச் சொட்டு மருந்து விடுவார்கள் என்று யோசிக்கவில்லை. எப்படியாவது போ என்று எழுதினேன். உன் முகத்தில் விழிக்க எனக்கு மூஞ்சி இல்லை.

ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த மனிதர் தன் கையால் பிழைப்பவர். கை உடைந்து கிடக்கிறார், பழியும் அவர் மேல் கிடக்கிறது. நடந்தது என்னவென்று தெரிந்த ஆள் அந்தத் தெருவில் நீ ஒருத்திதான். போலீஸ் நிலையத்துக்குப் போய் உன் வாயால் சொல். அத்தான் உன்னை மன்னிப்பாரா என்று யோசித்துக்கொண்டு நிற்காதே.

நேற்றுப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் இருந்தாய். "எல்லாம் நல்லபடியா இருக்கு" என்றாய். பின்னால் அத்தான் இருமினார். அந்தக் குரலை நான் நம்பவில்லை.

நீ சொல்லாவிட்டால் நான் எழுதுவேன் அக்கா. அதற்குப் பிறகு நீ என்னோடு பேசாமல் போனாலும் எழுதுவேன்.

பொடிசு


ஏப்ரல் 25

அக்கா,

பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். லைசென்ஸ் ஆபீஸுக்கு எழுத ஆரம்பித்த தாள் மேசை மேல் இருக்கிறது. உன் வீட்டு விலாசம் வரை எழுதிவிட்டு, அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

திட்டவாவது ஒரு வரி எழுது.

பொடிசு


மே 6

அன்புள்ள பொடிசுக்கு,

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. எழுதுவது உன் அத்தான். சொல்வது நான். இன்று காலை எனக்கு முதல் ஊசி போட்டார்கள், கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். எறும்பு கடித்த மாதிரி என்று எழுதினாயே, அது எந்த ஊர் எறும்பு? சொல்வதைச் சொல்கிறபடி எழுத வேண்டும், நடுவில் தன் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பேனாவைக் கொடுத்திருக்கிறேன்.

உன் கடைசிக் கடிதம் வந்த அன்று சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் கண், கட்டம் போட்ட தாள், சொட்டு மருந்து, தட்டு எல்லாம். அவர் கத்துவார் என்று நினைத்தேன். காபியைத் தள்ளிவிட்டு எழுந்து போவார் என்று நினைத்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தார். காபி ஆடை கட்டிவிட்டது. அப்புறம் சொன்னார்.

"உன் கை சும்மா இருந்துச்சு. அதான் திருப்பினேன்."

அவருக்குத் தெரியும் பொடிசு. ஒவ்வொரு தட்டும் எதற்கென்று முதலிலிருந்தே தெரியும். கேட்டால் நான் நிறுத்திவிடுவேன் என்று கேட்கவில்லையாம். நான் நிறுத்தினால் அவர் ஓட்ட முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் உன் அத்தான் பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். இப்போது வந்துவிட்டார்.

மறுநாளே இரண்டு பேரும் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். மேட்டில் ஏறித்தான் போனோம். பாதி வழியில் ஒரு வீட்டுச் சுவரில் உட்கார்ந்து இளைப்பாறினோம். என் இடுப்பு ஒன்றும் செத்துப் போகவில்லை. அந்தப் போலீஸ்காரருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "அதான் முடிஞ்சு போச்சேம்மா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அத்தான், "முடியல. எனக்கு ஓரம் தெரியாது. தெரிஞ்சேதான் ஓட்டினேன், எழுதிக்கோங்க" என்றார். லைசென்ஸை எடுத்து மேசை மேல் வைத்தார். பழைய அறிக்கையை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். இனி வழக்கு வரும். வரட்டும். அதற்காக உன் அத்தான் ராத்திரி எழுந்து நடக்கிறார், நானும் கூட நடக்கிறேன். ஆனால் ஆறுதல் சொல்ல யாரும் வருவதில்லை, அது ஒரு நிம்மதி.

பதில் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணம் இல்லை. உனக்கு எழுதினால் அழுதுவிடுவேன், அழுதால் போகாமல் இருந்துவிடுவேன் என்று பயம். மேசை மேல் இருக்கும் தாளைக் கிழித்துப் போட்டுவிடு. கை நிற்காது என்று எழுதிய உன் பேனா ஓடாமல் நின்றதைப் பற்றி நான் என்ன சொல்வது? உனக்கே தெரியும்.

டைல்ஸ்காரரைப் பார்க்கப் போனோம். கையில் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பூச்சுக் கரண்டி பிடிக்க வருமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. அவர் மனைவி எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் கண்ணைப் பற்றியும் ரசமட்டத்தைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அவர், "இப்ப நேராத் தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

"தெரியல. ஆனா நேராத்தான் இருக்கு" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். சிரித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, முகத்தின் நடுவில்தானே சிரிப்பு இருக்கிறது. வெளியே வந்து உன் அத்தானைக் கேட்டேன். இல்லை என்றார்.

வியாழக்கிழமை ரயிலில் ஏறுகிறோம். வெள்ளிக்கிழமை காலை உன் மெஷினுக்கு முன்னால் இவரை உட்கார வை. காட்டுவதை எழுது, கையெழுத்தைப் போடு. வழக்குக்கும் அந்தத் தாள் வேண்டுமாம். எனக்குக் குளிக்க வெந்நீர் போட்டு வை, போதும்.

உன் அக்கா

பொடிசு, இந்த வரிகள் மட்டும் என்னுடையவை. சத்தியத்தை மீறித்தான் சேர்க்கிறேன், அவளுக்குப் படித்துக் காட்ட மாட்டேன். நீ சோதிக்கும்போது உன் அக்காவை என் பக்கத்தில் உட்கார விடாதே. வெளியே உட்கார வை. வெளிச்சம் வந்தால் தட்டிவிடுவாள்.

அத்தான்